முட்டைக்குப் புதுச் சக்கரம்

லெசியா வீட்டில் ஒரு முட்டை இருந்தது. அதற்குள் நான்கு பேர் படுத்துத் தூங்கலாம். அடுப்பு பற்றவைத்து சூப் வைக்கலாம். வெளியே மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்து சீட்டு விளையாடலாம்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர்தான் அது. வெள்ளையாக, உருண்டையாக இருப்பதால் வீட்டில் எல்லோரும் முட்டை என்பார்கள். குளிர்காலம் முழுவதும் பனிக்குள் புதைந்து கிடக்கும். மே மாத விடுமுறை வந்துவிட்டால் ஹெரான் ஏரிக்குக் கிளம்பிவிடும்.

போன வருடம் மட்டும் முட்டை ஏரி போய்ச் சேரவில்லை.

காட்டுப் பாதையின் குறுக்கே மழைநீர் அறுத்துப் போட்ட பள்ளம் ஒன்று இருந்தது. கார் இறங்கி ஏறிவிட்டது. முட்டையும் இறங்கியது. ஏறும்போது பின்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம். எல்லோரும் இறங்கி ஓடிப் பார்த்தார்கள். கழிவுநீர்க் குழாய் இரண்டாக ஒடிந்திருந்தது. முட்டையை நிறுத்தும்போது ஆடாமல் தாங்குவதற்குப் பின்பக்கம் இரண்டு கால்கள் உண்டு. அவற்றில் ஒன்று வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் பாதையெல்லாம் ஓடியது.

அப்பா அங்கேயே காரைத் திருப்பிவிட்டார். வீடு வரும்வரை அவர் ரேடியோகூடப் போடவில்லை.

இந்த ஏப்ரலில் பனி உருகியதும் முட்டையின் டயர்களைக் குனிந்து பார்த்தார் அப்பா. பக்கமெல்லாம் வெடிப்பு ஓடியிருந்தது. எப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பதினொரு மாதமாக அவர் காத்திருந்த சாக்கு கிடைத்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வசில் சித்தப்பா வந்திருந்தார். பக்கத்துப் பண்ணை அவருடையது. அப்பாவுக்கு ஸ்பேனர் வேண்டுமென்றால் அங்கே போவார். சித்தப்பாவுக்குப் பெரோகிக் கொழுக்கட்டை வேண்டுமென்றால் இங்கே வருவார். அப்பா தன் போனில் ஒரு படத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இந்த டயரைப் பாரு. இதைப் போட்டா பள்ளம் என்ன, ஆறே குறுக்க வந்தாலும் ஏறிப் போயிடலாம்.”

சித்தப்பா பார்த்தார். “அண்ணே, இது முட்டைக்கா? இல்ல டிராக்டருக்கா?”

“சிரிக்காத. அச்சுக்கும் உடம்புக்கும் நடுவுல இரும்புக் கட்டை வேற கொடுக்கப் போறேன். மொத்தமா ஒரு சாண் உயரும்.”

அவர் கையை விரித்து அந்த ஒரு சாணை மேசைமேல் நிறுத்திக் காட்டினார். லெசியாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயது. ராட்சசச் சக்கரம் வைத்த முட்டையில் ஏரிக்கரையில் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கும்.

அப்போது அவள் தம்பி ஒரெஸ்ட் கேட்டான்.

“அப்போ வாசலும் ஒரு சாண் மேல போயிடுமா?”

“போகும். அதுக்கென்னடா? உன்னை நான் தூக்கி உள்ள வெச்சிடறேன். நீ என்ன கனமா?” என்றார் அப்பா.

ஒரெஸ்ட் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். அவன் காது இரண்டும் சிவந்து போனதை லெசியா பார்த்தாள். தட்டில் இன்னும் மூன்று பெரோகி இருந்தது. ஒரெஸ்ட் பெரோகியை மிச்சம் வைத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஒரெஸ்டுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவன் கால்களுக்குப் பலம் குறைவு. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் தாங்கி கட்டியிருப்பான். அவன் கணுக்கால் மடங்காது. பள்ளியில், கடையில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் வந்து “வா, கண்ணு” என்று தூக்கிவிடுவார்கள். ஆனால் போன வருடம் அவன் ஒரு காரியம் செய்தான். முட்டையின் வாசலில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து, வலது முழங்காலை முதலில் ஏற்றி, உடம்பை உள்ளே சாய்த்து, ஒரு புரளு புரண்டு, தானாகவே ஏறக் கற்றுக்கொண்டான். ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினான். உள்ளே எடுக்க எதுவும் இல்லாவிட்டாலும் ஏறினான்.

பாத்திரம் துடைக்கும்போது லெசியாவிடம் மெதுவாகச் சொன்னான். “அக்கா, நான் இந்த வருஷம் ஏரிக்கு வரல.”

“ஏன்?”

“தூக்கி உள்ள வெச்சா நான் மூட்டைதானே? மூட்டை வீட்டுலயே இருக்கட்டும்.”

லெசியா கையிலிருந்த தட்டை மூன்று முறை துடைத்தாள். அது முதல் முறையிலேயே காய்ந்துவிட்டிருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் கொட்டகையில் இருந்த அப்பாவிடம் போய் நின்றாள். முட்டையை உயர்த்த வேண்டாம் என்றாள். ஒரெஸ்ட் சொன்னதையும் சொன்னாள். அப்பா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. மடக்குப்படி ஒன்று வாங்கிப் போடலாம் என்று சொல்லி, கொட்டகையில் கிடந்த ஒரு மடக்குப்படியை எடுத்து விரித்தார். ஒரெஸ்டைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். படியின் பலகை குறுகல். மடங்காத பாதத்தை அதில் வைத்தால் முனை மேல்படியில் இடித்தது. இரண்டாவது படியில் அவன் பின்னால் சாய, அப்பா பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றாள் லெசியா.

அப்பா படியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு, “நீ சொல்றது புரியுது. ஆனா பாதை நமக்காகத் தாழ்ந்து போகுமா? இந்தத் தடவையும் குழாய் ஒடைஞ்சா யாருமே ஏரியப் பாக்க முடியாது. வெறும் ‘வேணாம்’ போதாதும்மா. வேற வழி இருந்தா காட்டு. டயருக்குக் கடையில சொல்லியாச்சு. சனிக்கிழமை மாட்டறாங்க” என்றார்.

“காட்டறேன்” என்றாள் லெசியா.

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, என்ன காட்டப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. எங்கே தொடங்குவது என்று யோசித்தாள். ஒரு பல் வலித்தால் டாக்டர் முதலில் வாயைத் திறந்துதானே பார்க்கிறார்? அவள் ஒரு பழைய கம்பளத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். முட்டை நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகு கம்பளத்தை விரித்து, டார்ச்சோடு முட்டைக்கு அடியில் ஊர்ந்து போனாள்.

அடியில் எலிக்கூடு ஒன்று இருந்தது. காய்ந்த சேறு மூக்கில் உதிர்ந்தது. அவள் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம்வரை டார்ச் அடித்துப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. நடுவிலும் இல்லை. அச்சுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. கீறல், சுரண்டல், நசுங்கல் எல்லாம் கடைசி இரண்டு முழத்தில் மட்டும்தான். ஒட்டுப் போட்ட குழாய், நிமிர்த்தி வைத்த கால், அவற்றைப் பிடித்திருக்கும் இரும்பு. வால் மட்டுமே அடி வாங்கியிருந்தது.

“முழு முட்டையும் இடிக்கலடா. வால் மட்டும்தான் இடிச்சிருக்கு” என்று அடியிலிருந்தே கத்தினாள்.

“முட்டைக்கு ஏது அக்கா வால்?” என்றான் ஒரெஸ்ட், வெளியே உட்கார்ந்தபடி.

மறுநாள் பனி உருகிய தண்ணீர் தேங்கியதால் அப்பா முட்டையைக் காரில் மாட்டி மேட்டுக்கு இழுத்து நிறுத்தினார். லெசியா வேலியருகே நின்று பக்கவாட்டில் பார்த்தாள். மாட்டாமல் நிற்கும்போது தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. முட்டையின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் தொங்கியது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த வாத்து மாதிரி இருந்தது.

சரியாகத்தான் பார்க்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகம். ஒரெஸ்ட் தன் ஹாக்கிப் பந்தை எடுத்துக்கொண்டு முட்டைக்குள் ஏறினான். தானாகத்தான் ஏறினான். பந்தை முன்பக்கத்தில் தரையில் வைத்துக் கையை எடுத்தான். அது நிற்கவே இல்லை. கடகடவென்று உருண்டு பின்சுவரில் போய் மோதியது. இன்னொரு தடவை வைத்தான். மறுபடி உருண்டது. அதற்கப்புறம் தேவையே இல்லாமல் பத்துத் தடவை உருட்டினான்.

லெசியா வசில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் காருக்குப் பின்னால் குனிந்தார். காரிலிருந்து ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒரு இரும்புக் குண்டு. அந்தக் குண்டின்மேல்தான் முட்டையின் மூக்கு உட்கார்ந்திருக்கும். தண்டு காரிலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. பழைய கார் குட்டையாக இருந்தபோது வாங்கியது அது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா உயரமான கார் வாங்கினார். தண்டை மாற்ற மறந்துவிட்டார்.

சித்தப்பா சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“என்ன சித்தப்பா?”

“புதுசா ஒண்ணும் வாங்க வேணாம். இந்தத் தண்டைத் தலைகீழா மாட்டி, குண்டை அந்தப் பக்கம் வெச்சா போதும். உங்க அப்பா ரெண்டு வருஷமா இதைத் தப்பா மாட்டிக்கிட்டுச் சுத்தியிருக்காரு.”

அவர் பெரிய ஸ்பேனரை எடுத்துவந்து குண்டைக் கழற்றி, தண்டைத் திருப்பி, இறுக்கி மாட்டினார். முட்டையின் மூக்கு இறங்கியது. வால் எழுந்தது. முன்பு ஒரெஸ்டின் ரப்பர் பூட்ஸை நிற்கவைத்துக் குழாய்க்கு அடியில் தள்ள முடியவில்லை. இப்போது பூட்ஸ் உள்ளே போனது. பூட்ஸின்மேல் ஒரு கையுறையை மடித்து வைத்த பிறகும் போனது.

“வாசல் உயரலையே. அது எப்படி?” என்று சித்தப்பா வேண்டுமென்றே கேட்டார்.

“சீசாப் பலகை மாதிரிதான். ஒரு முனை இறங்கினா இன்னொண்ணு ஏறும். நடுவுல உக்காந்திருக்கறவன் அங்கேயேதான் இருப்பான். வாசல் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதான்” என்றான் ஒரெஸ்ட்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் காட்டினார்கள். அவர் தண்டைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார். தன் தம்பி வசில் சிரிப்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

“சரி. வால் எழுந்துடுச்சு. ஆனா பள்ளத்துல போனாத்தான் தெரியும்” என்றார்.

சித்தப்பாவின் வயலுக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் இருந்தது. அப்பா மண்வெட்டியோடு போய், போன வருடப் பள்ளம் எப்படி இருந்ததோ அப்படியே அதை வெட்டினார். கொஞ்சமும் குறைக்கவில்லை. சொல்லப்போனால் ஒரு வெட்டு கூடவே வெட்டினார். லெசியா பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி, புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டாள். கன்னம் தரையில் பட்டால்தான் முட்டையின் அடிப்பக்கம் தெரியும்.

கார் மெல்ல இறங்கி ஏறியது. முட்டை பின்தொடர்ந்தது. வால் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். வால் தொடவில்லை. ஆனால் அதற்கு முன்னால், முட்டையின் நடுவயிறு மேட்டைத் தாண்டியபோது, புல் மடங்கி நிமிர்வதை அவள் பார்த்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. காரில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “என்ன, தாண்டிருச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். காரின் பின்சீட்டிலிருந்து ஒரெஸ்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லெசியா எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

“வால் தாண்டிருச்சு. நடுவுல உரசுது” என்றாள்.

அப்பா இறங்கி வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு அப்பியிருந்தது. ஈரம் காயாத சேறு. அவர் அதை விரலால் வழித்தார். “நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அப்போ கொஞ்சமாவது உயர்த்தணும். எவ்வளவுன்னு நீயே சொல்லு. சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு” என்றார்.

இப்போது இரண்டு கேள்விகள் இருந்தன. முட்டைக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? ஒரெஸ்டால் எவ்வளவு உயரம் ஏற முடியும்? இரண்டுக்கும் நடுவில் இடம் இருந்தால் பிழைத்தார்கள்.

முதல் கேள்விக்குச் சேறு பதில் சொல்லிவிட்டது. ஒரு விரலுக்கு மேல் உயர்ந்தால் உரசாது. இரண்டு விரல் உயர்ந்தால் நிம்மதி.

இரண்டாவதற்கு லெசியா சித்தப்பாவின் கொட்டகையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு விரல் கனம். பின்வாசல் தளத்தின்மேல் பலகைகளை அடுக்கி முட்டையின் வாசல் அளவுக்குக் கொண்டுவந்தாள். பக்கத்துத் தூண்தான் கைப்பிடி. ஒரெஸ்ட் ஏறினான். அதன்மேல் ஒரு பலகை கூட்டினாள். ஏறினான். இரண்டாவது. ஏறினான். மூன்றாவது பலகைக்கு முக்கி முனகி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

நான்காவது வைத்தாள். அவன் முழங்கால் வழுக்கியது. திரும்ப முயன்றான். தாடை பலகையில் இடித்தது. லெசியா ஓடிவந்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். “தொடாத.”

மறுபடி முயன்றான். மறுபடி வழுக்கினான். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ எப்படியோ கோணல்மாணலாக மேலே போய் விழுந்துவிட்டான்.

“நாலு. நாலு பலகைன்னு சொல்லிடு” என்றான், மூச்சு வாங்க.

லெசியா பலகைகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனே தாடையைத் தடவிக்கொண்டு சொன்னான்.

“மூணு. நாலாவது பொய்.”

மறுநாள் அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்ததும் லெசியாவை ஊருக்குள் இருக்கும் டயர்க் கடைக்குக் கூட்டிப்போனாள். கடை தெல்மா கார்டினலுடையது. குட்டையான, சுறுசுறுப்பான பெண். எந்த நேரமும் காதில் ஒரு சாக்பீஸ் சொருகியிருப்பாள். அப்பா கேட்டிருந்த டயர்கள் ஏற்கெனவே வந்து சுவரோரம் நின்றன. நேரில் பார்த்தபோது லெசியாவுக்கே பயமாக இருந்தது. அவள் இடுப்புக்கு மேல் உயரம்.

லெசியா நடந்ததைச் சொன்னாள். தெல்மா கேட்டுவிட்டு, “ரிம்ல ஏத்தாத வரைக்கும் திருப்பி அனுப்பிடலாம். ஏத்திட்டா அது உங்களோடது. உனக்கு என்ன வேணும்?” என்றாள்.

“ஒவ்வொரு டயரும் இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் எவ்வளவுன்னு அளந்துக்கணும். அப்புறம் பெரிய அட்டைப் பெட்டி வேணும்.”

தெல்மா எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று அளவு டயர்களை உருட்டிவந்து நிறுத்தினாள். சின்னது, இப்போது முட்டையில் இருப்பது போல. பெரியது, அப்பா சொன்னது. நடுவில் ஒன்று. லெசியா நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கார் டயரைப் போடலாமா என்று அம்மா கேட்டாள். கூடாது என்று தெல்மா சொல்லிவிட்டாள். கார் டயரின் பக்கச் சுவர் மெத்தென்று இருக்குமாம். பாரத்தோடு இழுத்தால் டிரெய்லர் வால் ஆட்டுமாம். டிரெய்லருக்கென்றே செய்த கெட்டி டயர்தான் வேண்டுமாம்.

“ரொம்ப உயரத்துல இருந்தாலும் ஆடும். நெடுஞ்சாலையில பக்கக் காத்து அடிக்கிறப்போ என் பஸ்ஸே ஒரு பக்கமாச் சாயும்” என்றாள் அம்மா. வீட்டில் யாரும் அவளிடம் இதுவரை கேட்காததால் சொல்லவில்லை போலிருக்கிறது.

புறப்படும்போது தெல்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். “டயருக்கு மேல நாலு விரல் காலியா இருக்கணும். குதிக்கும்போது மேல போய் இடிக்கக் கூடாது.”

வீட்டு முற்றத்தில் அட்டையை விரித்து, ஒரெஸ்ட் நடுவில் ஆணியைப் பிடித்துக்கொள்ள, லெசியா நூலில் பென்சில் கட்டி வட்டம் போட்டாள். மூன்று அட்டைச் சக்கரங்கள் தயார். சித்தப்பா ஒரு பக்கம் ஜாக்கி வைத்து, தாங்கியில் நிறுத்தி, பழைய சக்கரத்தைக் கழற்றித் தந்தார்.

பெரிய அட்டையை வைத்தார்கள். அது சக்கரக் கூட்டுக்குள் நுழையவே இல்லை. மேல்விளிம்பு மடங்கிப்போயிற்று. இரும்புக் கட்டை கொடுத்து உயர்த்தினால்தான் அது உள்ளே போகும். நடு அட்டையை வைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. லெசியா மேலே கையை விட்டாள். நான்கு விரலும் தாராளமாக நுழைந்தன. கீழே பார்த்தாள். சின்ன அட்டையை அதன்மேல் ஆணித்துளைகள் பொருந்தப் பிடித்தால், நடு அட்டை இரண்டு விரல் வெளியே நின்றது.

“ரெண்டு விரல் உயரும். பள்ளத்துக்கு ஒரு விரல் போதும். எனக்கு மூணு பலகை வரைக்கும் ஓகே” என்றான் ஒரெஸ்ட்.

“அப்போ பள்ளத்துக்கும் ஒரு விரல் மிச்சம், உனக்கும் ஒண்ணு மிச்சம்” என்றாள் லெசியா.

சித்தப்பா அன்றைக்கே குழாயையும் அறுத்து, மேலே ஒதுக்கி, பட்டை போட்டுக் கட்டிவிட்டார். தாங்குகால்களையும் உள்ளே தள்ளி மாட்டினார்.

சனிக்கிழமை காலையில் நால்வரும் டயர்க் கடைக்குப் போனார்கள். ராட்சச டயர்கள் இன்னும் சுவரோரம் நின்றன. அப்பா நேராக அவற்றிடம் போனார். ஒன்றின்மேல் கையை வைத்தார். தன்னோடு கிடங்கில் வேலை செய்யும் அத்தனை பேரிடமும் அவர் இதைப் பற்றிச் சொல்லியிருந்தார். படம்கூடக் காட்டியிருந்தார்.

“எதைப் போடட்டும் போக்தன்?” என்று தெல்மா அப்பாவிடம் கேட்டாள்.

லெசியா நடு அட்டையை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள். கை வலித்தது. அவள் இறக்கவில்லை.

“நீங்க வழி காட்டச் சொன்னீங்க. இதான் வழி. பள்ளமும் தாண்டும், தம்பியும் ஏறுவான். நான் எல்லாத்தையும் பாத்துட்டேன் அப்பா.”

அப்பா ராட்சச டயரை இன்னொரு முறை தட்டிக்கொடுத்தார், நல்ல குதிரையை விற்கிறவர் மாதிரி. பிறகு அட்டையை வாங்கித் தெல்மாவிடம் கொடுத்தார்.

“என் பொண்ணு சொல்ற டயரைப் போடு. ஸ்டெப்னியும் அதே அளவுல ஒண்ணு.”

மே மாத விடுமுறை வந்தது. காட்டுப் பாதையின் அந்தப் பள்ளம் யாராலும் மூடப்படாமல் அங்கேயே காத்திருந்தது. இந்த வருட மழை அதை இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தது. அப்பா காரை நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே லெசியா இறங்கிவிட்டாள். பாதையோரம் ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள். ஒரெஸ்டும் அம்மாவும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

கார் இறங்கியது. ஏறியது. முட்டை இறங்கியது. நடுவயிறு மேட்டின்மேல் வந்தது. மேட்டில் ஒரு மஞ்சள் பூ நின்றிருந்தது. முட்டை அதைத் தாண்டிப் போனது. பூவின் தலை லேசாகச் சாய்ந்து, ஆடி, மறுபடி நேராக நின்றது. பிறகு வால் வந்தது. வாலுக்கும் மண்ணுக்கும் நடுவில் அந்தப் பக்கத்து மரங்கள் தெரிந்தன.

“தாண்டிருச்சு” என்றாள் லெசியா. இந்த முறை வேறு எதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கரையில் முட்டையை நிறுத்தி, தாங்குகால்களை இறக்கி, அப்பா கடைசித் திருகைத் திருகிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, ஒரே கொட்டு. அம்மா விறகுக்கு மேல் தார்ப்பாயைப் போட ஓடினாள். லெசியா நாற்காலிகளை மடக்கினாள்.

ஒரெஸ்ட் கைப்பிடியைப் பிடித்தான். வலது முழங்காலை ஏற்றினான். உடம்பை உள்ளே சாய்த்தான். ஒரு புரளு. உள்ளே போய்விட்டான். யாரும் அவனைத் தொடவில்லை. எல்லோருக்கும் முதலில் உள்ளே போனவன் அவன்தான். போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அப்பா நனைந்த கோழி மாதிரி வந்து கதவைத் தட்டினார்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“நான்தான்டா. போக்தன்.”

“எந்த போக்தன்?”

“உங்க அப்பா போக்தன். கூட உங்க அம்மாவும் அக்காவும் இருக்காங்க. தொப்பலா நனைஞ்சுட்டோம்.”

உள்ளே சற்று நேரம் யோசனை நடந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

“சரி, வாங்க. காலைத் துடைச்சிட்டு வாங்க” என்றான் ஒரெஸ்ட்.

மூன்று பேரும் வரிசையாக நின்று காலைத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள்.